ஆவாரம்பூவுக்கு டிபிபிஎச் நல்லா வருது, அமைலேஸ் மட்டும் மைனஸில் போகுது, ஏன்?

கடைசிவருசம் கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். நான் திருகோணமலையில் சித்த மருத்துவம் படிக்கிறேன், கடைசி வருசம். ஆய்வுக்கு ஆவாரம்பூவும் கோவை இலையும் எடுத்திருக்கிறேன். ஒட்சியேற்ற எதிர்ப்பும் இரத்தச் சீனியைக் குறைக்கும் தன்மையும் பார்ப்பதுதான் தலைப்பு. ஆவாரை நிலாவெளி தாண்டிக் குச்சவெளிக்குப் போகிற வழியெல்லாம் பற்றையாக நிற்கும், கோவை யார் வீட்டு வேலியிலும் படரும், அதனால் செடிக்குப் பஞ்சமில்லை. பிரச்சினை ஆய்வுகூடத்துக்குள் வந்த பிறகுதான்.

நிழலில் காயவைத்து அரைத்து, ஒரு பங்கை மெதனோலில் ஊறவைத்து வடித்தேன், மற்றப் பங்கைத் தண்ணீரில் காய்ச்சிக் குடிநீராக எடுத்தேன். டிபிபிஎச் (ஒட்சியேற்ற எதிர்ப்பைப் பார்க்கப் பாவிக்கிற ஊதா நிறப் பொருள்) அருமையாக வருகிறது. ஆவாரம்பூச் சாற்றை விட்டதும் ஊதா நிறம் கண் முன்னாலேயே வெளுத்து மஞ்சளாகிறது, அஸ்கோபிக் அமிலத்துக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கிறது. கோவை அவ்வளவு இல்லை. ஆனால் மாப்பொருளைச் சீனியாக உடைக்கிற ஆல்பா அமைலேஸ் நொதியத்தை வைத்துச் செய்கிற டெஸ்டில் (வந்த சீனியை நிறத்தால் அளக்கிற டிஎன்எஸ் முறை, 540 நனோமீற்றர்) குடிநீருக்குத் தடுப்பு வீதம் மைனஸில் வருகிறது, செறிவைக் கூட்டக் கூட்ட இன்னும் கீழே போகிறது. அப்படியென்றால் என் சாறு நொதியத்தைத் தடுக்காமல் உசுப்பிவிடுகிறதா?

ஈஸ்ட்டில் இருந்து எடுத்த ஆல்பா குளுக்கோசிடேஸில் (சீனியைக் குளுக்கோசாக உடைக்கிற நொதியம்) செய்தால் கதை தலைகீழ். இரண்டு சாறுமே அகார்போஸ் என்ற நீரிழிவு மருந்தை விட நன்றாகத் தடுக்கிறது. இதை வைத்து "மருந்தை விடச் சிறந்தது" என்று எழுதலாமா? கூடப் படிக்கிறவர்கள் வேறு, எலியில் செய்யாமல் நீரிழிவு என்ற சொல்லையே தலைப்பில் போடக்கூடாது என்கிறார்கள். யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உறிஞ்சல்517 எழுதியது:

தங்கச்சி, உசுப்பிவிடவில்லை, பயப்படாதீர்கள். டிஎன்எஸ் என்பது மாப்பொருள் உடைந்து வருகிற மோல்ற்றோசை மட்டும் பார்த்து நிறம் மாறுகிற பொருள் இல்லை. காரக் கரைசலில் கொதிக்க வைக்கும்போது தாழ்த்தக்கூடிய எது கிடைத்தாலும் செம்மஞ்சளாகும். பூவில் இயல்பாகவே இருக்கிற சீனி, பொலிபீனோல், எல்லாமே அதற்கு ஒன்றுதான். நீங்கள் சாற்றைக் கூட்டக் கூட்ட நிறம் கூடுகிறது, உங்கள் சமன்பாடு அதை "மாப்பொருள் கூடுதலாகச் செரித்துவிட்டது" என்று எடுத்துக்கொண்டு மைனஸ் போடுகிறது. டிபிபிஎச்சில் ஆவாரை நன்றாக வந்ததற்கும் இங்கே சொதப்புவதற்கும் காரணம் ஒன்றுதான், அதுதான் வேடிக்கை.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு செறிவுக்கும் தனியாக ஒரு பிளாங்க் போடுங்கள். சாறு, பஃபர், மாப்பொருள், டிஎன்எஸ் எல்லாம் இருக்கும், நொதியம் மட்டும் இருக்காது, அதன் இடத்தில் பஃபர். இந்தக் குழாய்களும் மற்றவற்றோடு சேர்ந்து அதே நேரம் கொதிநீரில் நிற்க வேண்டும், வெளியே வைத்துவிட்டுப் பிறகு நிறம் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. அந்த உறிஞ்சலைக் கழித்த பிறகு வருகிற பெறுமானம்தான் உங்களுடையது. பலர் சாறே இல்லாத ஒரு பொது பிளாங்கைப் போட்டுவிட்டு எல்லாவற்றிலும் அதையே கழிக்கிறார்கள், அங்கேதான் கோளாறு. பிளாங்கே மிக உயரமாக வந்தால் கழித்தும் நம்பமுடியாது, அப்போது சாற்றை ஐதாக்குங்கள். அயடீன் போட்டு நீல நிறம் பார்க்கிற முறைக்கு மாறலாம் என்று யாராவது சொல்வார்கள், ஆனால் நல்ல ஒட்சியேற்ற எதிரி அயடீனையும் தாழ்த்தி நிறத்தை எடுத்துவிடும், அதனால் அங்கேயும் அதே பிளாங்க் வேண்டும். உடைந்தால் தானே மஞ்சளாகிற செயற்கை அடிப்பொருள் இருக்கிறது, 405 நனோமீற்றரில் பார்ப்பது, இந்தத் தொல்லை குறைவு, விலை மட்டும் கையைக் கடிக்கும்.

இப்போது குளுக்கோசிடேஸ். "அகார்போஸை விடச் சிறந்தது" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். இந்தத் துறையில் அதிகம் எழுதப்பட்ட பொய்யான வரி அதுவாகத்தான் இருக்கும், எழுதுகிறவர்கள் பொய் என்று தெரிந்தும் எழுதவில்லை. ஈஸ்ட் நொதியமும் நம் குடலில் இருக்கிற நொதியமும் பெயரில் ஒன்று, கட்டமைப்பில் வேறு வேறு குடும்பம். அகார்போஸ் குடல் நொதியத்தை மிகக் குறைந்த செறிவிலேயே தடுக்கும், ஈஸ்ட் நொதியத்திடம் அது சோப்ளாங்கி. அதனால் ஈஸ்ட்டில் அகார்போஸைத் தோற்கடிப்பது பெரிய காரியமில்லை. முடிந்தால் எலிக்குடல் பவுடர் வாங்கிச் செய்யுங்கள், உலர்த்திய பவுடராகவே விற்கிறது, உயிரோடு எலி தேவையில்லை. அதில் மோல்ற்றோசோ சுக்குரோசோ விட்டு, வெளியே வருகிற குளுக்கோசை அளக்க வேண்டும். அளக்கிறதற்கு ஆஸ்பத்திரி லாப்பில் பாவிக்கிற அதே குளுக்கோஸ் ஒக்சிடேஸ் கிட் போதும். ஆனால் இங்கே கவனம்: அந்தக் கிட்டில் கடைசியில் நிறம் வருவது ஐதரசன் பெரொக்சைட்டால். உங்கள் சாறு அதைத் தின்றுவிடும், அல்லது வந்த நிறத்தை வெளுக்கும். நிறம் குறைந்தால் "குளுக்கோஸ் குறைவு, நன்றாகத் தடுத்திருக்கிறது" என்று தோன்றும். டிஎன்எஸ்ஸில் நல்ல சாறு கெட்டதாகத் தெரிந்தது, இங்கே கெட்ட சாறும் நல்லதாகத் தெரியும். அளவு தெரிந்த குளுக்கோசோடு சாற்றைக் கலந்து, போட்ட அளவு அப்படியே திரும்பக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, ஆவாரம்பட்டையைத் தோல் பதனிடப் பாவித்தவர்கள் நம் ஆட்கள். அதாவது அந்தச் செடியில் தனின் நிறைய. தனின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் போய் ஒட்டிப் படிய வைக்கும், தோலும் புரதம், உங்கள் நொதியமும் புரதம். அதைத் "தடுப்பு" என்று சொல்லலாம், ஆனால் சாப்பாட்டில் பருப்பும் மீனும் கலந்த குடலுக்குள் போனால் தனின் முதலில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், நொதியத்துக்கு என்ன மிஞ்சும் என்பது வேறு கேள்வி. சாற்றில் இருந்து பிவிபிபி என்ற பவுடரால் தனினை எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள், அல்லது குழாயில் கொஞ்சம் அல்புமின் சேர்த்துப் பாருங்கள். தடுப்பு காணாமல் போனால் அது தனின் வேலை. காணாமல் போகாவிட்டால் சந்தோசப்படுங்கள், அப்போதுதான் கையில் ஏதோ இருக்கிறது.

கோவை டிபிபிஎச்சில் குறைவு என்கிறீர்கள், அது உண்மையாகவும் இருக்கலாம், இலையின் பச்சை நிறம் டிபிபிஎச் வாசிக்கிற 517 நனோமீற்றரில் கொஞ்சம் உறிஞ்சி உங்கள் பெறுமானத்தைக் கெடுத்திருக்கவும் கூடும். சாறும் மெதனோலும் மட்டும் விட்ட பிளாங்க் இருக்கிறதா? குடிநீரை டிபிபிஎச்சில் விடும்போது தண்ணீரின் பங்கு கூடினால் கரைசல் கலங்கும், கலங்கிய குழாயை வாசித்து எடுத்த இலக்கத்தை மனசாட்சி உள்ளவர்கள் அட்டவணையில் போடமாட்டார்கள்.

கடைசியாக ஒரு யோசனை, சிரிக்காதீர்கள். எல்லா டெஸ்டிலும் பக்கத்தில் ஒரு குழாய் பிளேன்டீ ஓட்டுங்கள். சாதாரணக் கடைத் தேயிலை. அது டிபிபிஎச்சில் பிரமாதமாக வரும், தனினால் அமைலேஸையும் கொஞ்சம் தடுக்கும். பிளேன்டீ செய்யாத எதையாவது உங்கள் ஆவாரை செய்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

தம்பி சொன்ன லாப் விசயங்களில் நான் தலையிடவில்லை. ஆனால் பிள்ளை, சித்த மருத்துவம் படிக்கிற நீங்கள் மெதனோலில் ஏன் தொடங்கினீர்கள்? நம்மிடம் வருகிற எந்த நோயாளி மெதனோல் சாறு குடிக்கிறார்? ஆவாரைக் குடிநீர் என்று நூலில் இருக்கிறது, ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரை, கோஷ்டம், மருதம்பட்டை எல்லாம் சேர்த்து எட்டில் ஒன்றாய் வற்றக் காய்ச்சுவது. ஒற்றைப் பூவை எடுத்துச் சோதித்துவிட்டு அந்தக் குடிநீர் வேலை செய்கிறது என்றோ செய்யாது என்றோ முடிவு கட்டுகிற கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று முன்னுரையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் ஹெக்சேன் சாறு எடுத்தவர்களும் உண்டு.

காயவைப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பறித்தால் நிழலிலேயே பூ நொறுங்கிவிடும், மாரி தொடங்கிய பிறகு கடல் ஈரத்தோடு காயவைத்தால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், இதழை மடித்துப் பார்த்தால் துவளும், உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும். இரண்டிலும் ஒரே பெறுமானம் வராது. பறித்த மாதம், இடம், பூவா பட்டையா என்பதை எழுதுங்கள். மாதிரிக் கொப்பு ஒன்றை அழுத்திக் காயவைத்துப் பேராதனை தேசிய மூலிகைச் சேகரிப்புக்கு அனுப்பி அடையாளம் உறுதி செய்து இலக்கம் வாங்கி வையுங்கள். கடலழிஞ்சில் போன்றவை கடையில் வாங்குகிறவை, அதே இனத்தின் வேறு வகைகளும் அந்தப் பெயரில் வருகின்றன.

உறிஞ்சல்517 எழுதியது:

ஐயா சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். குடிக்கிற வடிவத்தைச் சோதிக்காமல் முடிவு எழுதக்கூடாது, சரி. ஆனால் மெதனோல் சாறு வீண் இல்லை, எந்தச் சேர்வை வேலை செய்கிறது என்று பிரித்தெடுக்கப் போகிறவருக்கு அது வேண்டும். ஐயா சொன்ன கடலழிஞ்சில் இனத்துச் செடி ஒன்று, நம் நாட்டில் கொத்தலஹிம்புட்டு என்கிறோமே, அதில் இருந்து சலசினோல் என்ற சேர்வையை ஜப்பானில் 1997இல் பிரித்துக் காட்டினார்கள், அடுத்த வருசம் கொத்தலனோல், பெயரே நம் நாட்டுப் பெயரில் இருந்து போனது. இரண்டும் குடல் நொதியத்தைத் தடுப்பவை, நீரில் நன்றாகக் கரைபவை. அந்த மரத்தில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிக் காலையில் குடிக்கிற பழைய பழக்கம் ஏன் அர்த்தமுள்ளது என்பது அதிலேயே விளங்கும். மக்கள் பாவிக்கிற முறையும் லாப்பும் ஒன்றை ஒன்று உறுதிப்படுத்திய நல்ல உதாரணம். 2005இல் இலங்கையில் 51 நோயாளிகளுக்கு அதைத் தேநீராகக் கொடுத்தும் பார்த்தார்கள், ஒரு பகுதிக்கு வெறும் தேநீர், பிறகு மாற்றிக் கொடுத்து. எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டுகிற அளவு) குறைந்தது, ஆனால் மிதமாகத்தான். மாத்திரையைத் தூக்கி எறிகிற அளவுக்கு இல்லை.

எலி பற்றிக் கேட்டீர்கள். பட்டப்படிப்பு ஆய்வுக்கு வேண்டாம் என்பேன். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி முதலில் கையில் இருக்க வேண்டும், பிறகு வாங்குகிற அனுமதி செல்லாது. ஸ்ட்ரெப்டோசோடொசின் ஊசி போட்டால் சதையியில் இன்சுலின் சுரக்கிற கலங்கள் செத்துப்போகும், அதிகமாகச் செத்தால் அது நம் ஊரில் அதிகம் காண்கிற இரண்டாம் வகை நீரிழிவே இல்லை, முதலாம் வகையைப் போல. அதில் சாறு வேலை செய்யவில்லை என்றாலும் செய்தது என்றாலும் விளக்கம் சொல்வது கஷ்டம். அதை விட முக்கியமாக, அமைலேஸில் ஒன்றும் வராவிட்டாலும் செடி உதவாது என்று அர்த்தமில்லை. மெற்ஃபோமின் அமைலேஸைத் தடுப்பதில்லை, ஈரல் குளுக்கோஸ் வெளிவிடுவதைக் குறைத்துத்தான் வேலை செய்கிறது. அது ஐரோப்பாவில் வளர்கிற ஒரு செடியில் இருந்த நச்சுத்தன்மையான பொருளின் வழியில் வந்த மருந்து. உங்கள் இரண்டு டெஸ்டையும் வைத்துச் சல்லடை போட்டிருந்தால் மெற்ஃபோமின் கீழே விழுந்திருக்கும்.

மூதூரான் எழுதியது:

எனக்கு லாப் ஒன்றும் விளங்காது, ஆனால் வாசித்துக்கொண்டு போனேன். அம்மாவுக்குச் சலரோகம், கிளினிக்கில் கிளிக்ளசைட்டும் மெற்ஃபோமினும் தருகிறார்கள். பக்கத்து வீட்டில் ஆவாரம்பூத் தேத்தண்ணி குடித்து சீனி இறங்கியது என்று சொல்லி ஒரு பை பூ கொண்டுவந்து தந்திருக்கிறார்கள். கொடுக்கலாமா? கோவை இலை வறை எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு, அதிலும் பிரச்சினையா?

கிளினிக்_அக்கா எழுதியது:

மூதூர் தம்பி, கோவை இலை வறை சாப்பாடு, அதைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. 2011இல் வந்த இலங்கை ஆய்வொன்றில் ஆரோக்கியமான 61 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு 20 கிராம் கோவை இலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு அப்படியே சாப்பிடக் கொடுத்து, பிறகு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு சீனி குறைவாகவே ஏறியது. நல்ல செய்திதான், ஆனால் அவர்கள் நோயாளிகள் இல்லை, மாத்திரை போடுகிறவர்களும் இல்லை, ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடிந்த ஆய்வு.

ஆவாரம்பூத் தேத்தண்ணி வேறு கதை, காரணம் அம்மாவின் மாத்திரை. மெற்ஃபோமின் மட்டும் என்றால் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிக்ளசைட் அப்படி இல்லை, அது சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதன் மேல் இன்னொன்று சேர்ந்து குறைத்தால் சீனி 70க்கு (மில்லிகிராம்/டெசிலீற்றர்) கீழே போகலாம். வயதானவர்களுக்கு வியர்வை, நடுக்கம் என்று தெளிவாக வராமல் சும்மா தூங்குகிற மாதிரி, பேச்சுக் குழறுகிற மாதிரி வரும், வீட்டில் இருப்பவர்கள் களைப்பு என்று விட்டுவிடுவார்கள். சிறுநீரகம் பாதித்திருந்தால் இன்னும் கவனம். கொடுப்பதென்றால் கிளினிக்கில் சொல்லிவிட்டு, வீட்டில் மீற்றர் வைத்துப் பார்த்துக்கொண்டு கொடுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்னொரு விசயம், மேலே தம்பி கொத்தலஹிம்புட்டு பற்றி எழுதியதால் சொல்கிறேன், இதைப் பலர் கவனிப்பதில்லை. குடலில் சீனி உடைவதைத் தடுக்கிற எதையும், அகார்போஸ் மாத்திரையோ அந்த மரக்குவளைத் தண்ணீரோ, வேறு மாத்திரையோடு எடுப்பவருக்கு சீனி இறங்கினால், சீனித் தண்ணீர் கொடுத்தால் மெதுவாகத்தான் ஏறும். நாம் பாவிக்கிற சீனி உடைந்தால்தானே குளுக்கோஸ் வரும், உடைவதைத்தானே தடுத்து வைத்திருக்கிறோம். பாமசியில் பெட்டியில் விற்கிற குளுக்கோஸ் மாவைக் கரைத்துக் கொடுங்கள், அதை வீட்டில் வைத்திருங்கள்.

மூதூரான் எழுதியது:

நன்றி அக்கா. பூவை அப்படியே டப்பாவில் போட்டு வைக்கிறேன், அடுத்த கிளினிக்கில் கேட்கிறேன்.

கடைசிவருசம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நொதியம் இல்லாத பிளாங்கை ஒவ்வொரு செறிவுக்கும் போட்டேன். மைனஸ் போய்விட்டது, ஆனால் குடிநீருக்கு வருகிற தடுப்பு மிகச் சாதாரணம். மெதனோல் சாற்றுக்குக் கொஞ்சம் கூட. பிவிபிபி விட்டதும் அதிலும் பெரும்பகுதி போய்விட்டது. பிளேன்டீயும் ஓட்டினேன், அண்ணா, அது டிபிபிஎச்சில் என் ஆவாரம்பூவோடு தோளோடு தோள் நிற்கிறது. இப்போது எனக்கு எழுத என்ன இருக்கிறது?

உறிஞ்சல்517 எழுதியது:

நிறைய இருக்கிறது. பிவிபிபிக்குப் பிறகும் மிஞ்சிய அந்தக் கொஞ்சம்தான் உங்கள் கட்டுரை, அதை விட்டுவிடாதீர்கள். தலைப்பில் "நீரிழிவு எதிர்ப்பு" என்பதை எடுத்துவிட்டு "அமைலேஸ், குளுக்கோசிடேஸ் நொதியங்களில் ஆவாரம்பூ, கோவை இலைச் சாறுகளின் விளைவும் தனின் அகற்றலின் தாக்கமும்" என்ற மாதிரி வையுங்கள், நீளமாக இருந்தால் பரவாயில்லை. ஐசி50ஐ (நொதியத்தைப் பாதியாகத் தடுக்கத் தேவையான செறிவு) உலர்ந்த சாற்றின் மைக்ரோகிராமில் போடுங்கள், எத்தனை கிராம் பூவில் எத்தனை கிராம் சாறு வந்தது என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் குடிக்கிற ஒரு கோப்பைக்கும் உங்கள் இலக்கத்துக்கும் தொடர்பு பிடிக்க முடியாது. ஒரே சாற்றை மூன்று குழாயில் விட்டுவிட்டு மூன்று முறை செய்தேன் என்று எழுதாதீர்கள், வேறு வேறு நாள் பறித்த பூவில் தனித்தனியாகச் சாறு எடுத்தால்தான் அந்த மூன்றுக்கு மதிப்பு. ஐயா சொன்ன முழுக் குடிநீரை ஒரு தொகுதியாவது காய்ச்சி அதே அட்டவணையில் கடைசி வரியாகச் சேர்க்க நேரம் இருக்கிறதா?

மூலிகைத்தோட்டம் எழுதியது:

நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள் பிள்ளை. கோஷ்டமும் மருதம்பட்டையும் அடையாளம் பார்த்து வாங்க என்னிடம் கேளுங்கள், தனிமடல் போடுங்கள். காய்ச்சும்போது அலுமினியச் சட்டி வேண்டாம், மண்சட்டி.